ஈசிஎன்எல் இரண்டாம் அணியா, கேர்ல்ஸ் அகாடமி முதல் அணியா?

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் 2013 அக்டோபரில் பிறந்தவள், ஆறாம் வகுப்பு, கால்பந்தில் நடுக்கள வீராங்கனை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளப்பில், கேர்ல்ஸ் அகாடமி என்ற லீக்கில் ஆடும் முதல் அணியில் இருக்கிறாள்; பெரும்பாலான ஆட்டங்களில் கிட்டத்தட்ட முழு நேரமும் களத்தில் இருக்கிறாள். இப்போது, மாலை நெரிசலில் ஐம்பது நிமிடம் கார் ஓட்டிப் போக வேண்டிய ஒரு பெரிய கிளப், ஈசிஎன்எல் என்ற லீக்கில் உறுப்பினராக உள்ளது, தன் இரண்டாம் அணியில், அதாவது அந்த லீக்குக்கு அடுத்த நிலையான ரீஜனல் லீக்கில் ஆடும் அணியில், இடம் தருவதாகச் சொல்கிறது. நன்றாக ஆடினால் முதல் அணிக்கு உயர்த்துவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கணவர் போகலாம் என்கிறார். இவர் வேண்டாம் என்கிறார். கூடவே வேறு இரண்டு கேள்விகள்: இவ்வளவு செலவழித்தால் கல்லூரியில் உதவித்தொகை கிடைக்குமா? என்றாவது ஒருநாள் மகள் இந்தியாவுக்காக ஆட முடியுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நகர வேண்டாம். அதற்காக உங்கள் கணவர் சொல்வது தவறு என்று பொருளில்லை. அவர் சொல்லும் காரணம் சரியான காரணம். அது பொருந்தும் வயது இன்னும் வரவில்லை. உங்கள் இருவரின் வாதத்திலும் லீக்கின் பெயர்தான் நடுவில் நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எந்த லீக் என்பதைவிட, எந்த அணி, எந்தப் பயிற்சியாளர், ஆட்டத்தில் எத்தனை நிமிடம் என்பவைதான் பெரிய கேள்விகள்.

பெயர்களை முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம். ஈசிஎன்எல், முழுப்பெயரில் எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக், 2009-இல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது. ஆண்கள் பிரிவு 2017-இல்தான் வந்தது. கேர்ல்ஸ் அகாடமி 2020-இல் பிறந்தது. இந்த இரண்டும்தான் இன்று அமெரிக்காவில் பெண்களுக்கான கிளப் கால்பந்தின் மேல்தட்டு. ஈசிஎன்எல்லுக்குக் கீழே ரீஜனல் லீக் இருக்கிறது. கேர்ல்ஸ் அகாடமிக்குக் கீழே அஸ்பயர் என்ற அடுத்த நிலை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டு மாநில அளவிலான லீக்குகள் தனி.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. லீக்கில் உறுப்பினராக இருப்பது கிளப். உங்கள் மகள் அல்ல. கிளப்பின் வலைத்தளத்தில் ஈசிஎன்எல் முத்திரை இருக்கும், சட்டையின் கையில் அதே போன்ற ஒட்டு இருக்கும், ஆனால் அந்த வயதில் அந்தக் கிளப்புக்கு மூன்று நான்கு அணிகள் இருக்கலாம். முதல் அணி மட்டுமே ஈசிஎன்எல்லில் ஆடும். இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர் வேறு, எதிரணிகள் வேறு, பயணம் வேறு. புகழ்பெற்ற பள்ளியில் கடைசி செக்‌ஷனில் இடம் கிடைத்தால், முதல் செக்‌ஷனுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் நம் பிள்ளைக்கும் வருவார் என்று யாரும் எண்ணுவதில்லை அல்லவா? உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு ஈசிஎன்எல்லுக்கான அழைப்பு அல்ல. ஈசிஎன்எல் கிளப் ஒன்றின் ரீஜனல் லீக் அணிக்கான அழைப்பு. இந்த வேறுபாட்டை உங்கள் கணவரோடு உட்கார்ந்து தெளிவாகப் பேசிவிட்டால் பாதி விவாதம் அடங்கிவிடும்.

லீக் முத்திரைகள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு அண்மை வரலாறே சான்று. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 இலையுதிர் காலத்தில் பெண்களுக்கான டெவலப்மெண்ட் அகாடமியைத் தொடங்கியது. தேசிய அணிக்கான வழி இனி இதுதான் என்று அறிவிக்கப்பட்டது. பல பெரிய கிளப்புகள் ஈசிஎன்எல்லை விட்டு அங்கே போயின. ஆனால் அகாடமியில் ஆடும் பெண்கள் பள்ளி அணிக்கு ஆடக் கூடாது என்பது விதி. ஆட்டத்தில் வெளியே எடுத்தவரைத் திரும்பக் களமிறக்கவும் முடியாது. பள்ளி அணியில் தோழிகளோடு ஆடுவது என்பது இந்த நாட்டுப் பெண்களின் கால்பந்தில் ஆழமாக வேரோடிய விஷயம். அதை விடச் சொன்னதும் பெற்றோர்கள் கொதித்தார்கள். ஈசிஎன்எல் பள்ளி ஆட்டத்துக்கு வழிவிட்டதால் சில கிளப்புகள் ஓரிரு ஆண்டுகளிலேயே அங்கே திரும்பின. பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் கூட்டமைப்பு நிதிக் காரணம் காட்டி அகாடமியை ஒரேயடியாக மூடிவிட்டது. எஞ்சிய கிளப்புகளில் பல ஒன்றுசேர்ந்து சில வாரங்களில் உருவாக்கியதுதான் உங்கள் மகள் இப்போது ஆடும் கேர்ல்ஸ் அகாடமி.

2004-இல் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பதிமூன்று வயதில் அவளுடைய பெற்றோர் 'தேசிய அணிக்கான ஒரே வழி' என்று நம்பிக் கிளப்பை மாற்றியிருப்பார்கள். பதினாறு வயதில், கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்க வர வேண்டிய அந்த வசந்த காலத்தில், அந்த லீக்கே இல்லாமல் போனது. அந்தத் தலைமுறைப் பெண்களில் பிழைத்து மேலே வந்தவர்களைக் காப்பாற்றியது அவர்கள் காலில் இருந்த திறமையும் அவர்களுக்காகத் தொலைபேசியை எடுத்துப் பேசிய பயிற்சியாளர்களும்தான். உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடிப்பது 2032-இல். அதுவரை இன்றைய முத்திரைகள் இதே மதிப்போடு இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தரம் பற்றி நேராகவே சொல்கிறேன். என் மதிப்பீட்டில், சராசரியாகப் பார்த்தால் ஈசிஎன்எல் முதல் அணிகள் கேர்ல்ஸ் அகாடமி அணிகளைவிட ஒரு படி மேல். டெக்சாஸில் அந்த இடைவெளி நன்றாகவே தெரியும். ஆனால் அது சராசரி மட்டுமே. ஒரு நல்ல கேர்ல்ஸ் அகாடமி அணி, நடுத்தரமான ஈசிஎன்எல் அணியை வெல்லும். ரீஜனல் லீக்கோ மிகக் கலவையான இடம். சில பகுதிகளில் தனிக் கிளப்புகளின் முதல் அணிகள் அங்கே ஆடுகின்றன. பெருநகரங்களில் ஈசிஎன்எல் கிளப்புகளின் இரண்டாம் அணிகள் நிறைய. ஆகவே உங்கள் மகள் இப்போது ஆடும் எதிரணிகளைவிட அங்கே வலுவான எதிரணிகள் கிடைக்கும் என்ற எண்ணம் சரியாக இல்லாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு சனிக்கிழமை அந்த அணி ஆடும் மைதானத்துக்கு நீங்கள் இருவரும் போய், மகளை அழைத்துக்கொண்டு போகாமல், இரண்டு ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். பந்து எவ்வளவு நேரம் தரையில் இருக்கிறது, பின்கள வீராங்கனை அழுத்தத்தில் பந்தை நடுக்களத்துக்குக் கொடுக்கிறாளா அல்லது கண்ணை மூடி முன்னே உதைக்கிறாளா, பயிற்சியாளர் கத்துகிறாரா அல்லது கற்றுக்கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். நடுக்கள வீராங்கனையின் தலைக்கு மேலே பந்து பறந்துகொண்டே இருக்கும் அணியில் உங்கள் மகள் ஆண்டு முழுக்க ஓடுவாளே தவிர ஆட்டம் கற்க மாட்டாள்.

இனி, இந்த முடிவைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்வதற்கான மிக வலுவான காரணத்துக்கு வருகிறேன். இதை உங்களிடம் இரண்டு கிளப்புகளும் விளக்கியிருக்கிறதா தெரியாது. 2026-27 பருவத்திலிருந்து யு.எஸ். கிளப் சாக்கர், யு.எஸ். யூத் சாக்கர், ஏஒய்எஸ்ஓ ஆகிய, இளையோர் கால்பந்தை நடத்தும் மூன்று அமைப்புகளும் வயதுப் பிரிவின் கணக்கை மாற்றுகின்றன. இதுவரை ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு. இனி ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு. அக்டோபரில் பிறந்த உங்கள் மகள் இதுவரை தன் பிரிவில் மிக இளையவர்களில் ஒருத்தி. ஜனவரியில் பிறந்த பெண்ணோடு ஒப்பிட்டால் ஒன்பது மாதம் சின்னவள். பன்னிரண்டு வயதில் ஒன்பது மாதம் என்பது உயரத்தில், வேகத்தில், தோள் வலுவில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. புதிய கணக்கில் அவள் தன் பிரிவின் மூத்தவர்களில் ஒருத்தியாகிவிடுவாள். இப்போது 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இருப்பவள் அடுத்த பருவத்திலும் அதே பிரிவில்தான் இருப்பாள், தன் வகுப்புத் தோழிகளோடு.

இதன் பொருள் என்ன? அந்தப் பெரிய கிளப் அவளை இரண்டாம் அணிக்கு மதிப்பிட்டது, தன்னைவிட மூத்த பெண்களுக்கு நடுவில் அவள் ஆடியதை வைத்து. அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர்கள் அவளைத் தன்னைவிட இளைய பெண்களோடு ஒப்பிடுவார்கள். எல்லாக் கிளப்புகளிலும் அணிகள் கலைந்து புதிதாகச் சேரும் காலம் இது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் அணி மாற வேண்டியிருக்கும். இந்தக் குலுக்கல் அடங்கும் முன்பே இரண்டாம் அணி இடத்தை அவசரமாகப் பிடித்துக்கொள்வதால் உங்களுக்கு லாபமில்லை. ஓராண்டு பொறுத்தால், அவளை முதல் அணிக்கே அழைக்கும் வாய்ப்பு இப்போதைவிடக் கூடுதல். எந்தக் கிளப்பாக இருந்தாலும், அவளை எந்த வயதுப் பிரிவில் பதிவு செய்யப்போகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வளர்ச்சி பற்றி இன்னொன்று. பெண்களுக்கு உயரம் வேகமாகக் கூடும் காலம் பொதுவாகப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் வருகிறது. ஆனால் ஒரே வகுப்பில் இருவருக்கு இடையில் இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு சாதாரணம். சீக்கிரம் வளர்ந்த பெண் பன்னிரண்டு வயதில் எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடி கோல் போடுவாள். முதல் அணி அவளுக்கு நிச்சயம். பதினைந்தில் மற்றவர்கள் எட்டிப்பிடித்ததும் அவள் தடுமாறுவதை இந்தத் துறையில் இருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். அணிகளில் ஏழு பேர் ஆடும் ஆட்டம், ஒன்பது பேர் ஆடும் ஆட்டம் எல்லாம் முடிந்து, பதினொருவர் ஆடும் முழு மைதானத்துக்கு வருவது 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான். இடம் பார்த்து நிற்பது, பந்து வரும் முன்பே தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பது, எப்போது திரும்புவது எப்போது ஒரே தொடுதலில் கொடுப்பது என்று முடிவெடுப்பது: நடுக்கள வீராங்கனைக்கு இவை எல்லாம் இந்த வயதில் ஆட்டத்தில் தப்புச் செய்து செய்துதான் வரும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் வராது. அவளுக்கு இப்போது கிடைக்கும் நிமிடங்கள் எளிதில் வேறு இடத்தில் கிடைக்காத செல்வம்.

'நன்றாக ஆடினால் உயர்த்துவோம்' என்ற வாக்குறுதிக்கு வருவோம். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. கிளப் இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள்: சென்ற ஆண்டு இந்த வயதுப் பிரிவில் இரண்டாம் அணியிலிருந்து முதல் அணிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அதே காலத்தில் வெளியிலிருந்து வந்து நேரே முதல் அணியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கிளப் முதல் அணிக்கான ஆளை வெளியே தேடுகிறது. இரண்டாம் அணியின் கட்டணம் அதற்கு உதவுகிறது. இரண்டு அணிகளும் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் பயிற்சி செய்கின்றனவா? முதல் அணிப் பயிற்சியாளர் இரண்டாம் அணியின் ஆட்டத்தை மாதத்துக்கு ஒருமுறையாவது நின்று பார்க்கிறாரா? அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் முதல் அணியோடு பயிற்சி உண்டா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இயக்குநர் நல்லவர். பதிலே இல்லாமல் லீக்கின் பெருமையைப் பேசத் தொடங்கினால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தொலைவையும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போக ஐம்பது, வர ஐம்பது, வாரம் மூன்று பயிற்சி என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் காரில். காரிலேயே இரவுச் சாப்பாடு, காரிலேயே வீட்டுப்பாடம், படுக்க மணி பத்தரை. அதே ஐந்து மணியில் இரண்டை அவள் வீட்டுக்குப் பின்னால் சுவரில் பந்து உதைத்துப் பழகினால், இடது காலும் முதல் தொடுதலும் எந்த லீக்கும் தர முடியாத அளவுக்கு முன்னேறும். இன்னும் ஒன்றை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார், எல்லாரும் ஏசிஎல் என்கிறார்களே, அது கிழியும் ஆபத்து ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்; பருவ வளர்ச்சிக்குப் பிறகு அது கூடுகிறது. ஒருமுறை கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாதமாவது ஓய்வும் பயிற்சியும். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் முறையை வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத விஷயம். நீங்கள் பரிசீலிக்கும் இரண்டு கிளப்புகளிலும் இதைப் போன்ற ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். முத்திரை எதுவாக இருந்தாலும், பெண்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யாத கிளப்பை நான் மதிக்க மாட்டேன். தூக்கமின்மையும் சோர்வும் காயத்துக்கு நல்லவை அல்ல என்பதையும் அந்த ஐந்து மணிக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கணவரின் பக்கம். அவர் மனதில் இருப்பது கல்லூரி என்று நினைக்கிறேன். பெண்களின் கல்லூரிக் கால்பந்து அமெரிக்காவில் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (டைட்டில் IX) முக்கியக் காரணம். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த அந்தச் சட்டத்தால், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மிக உயர்ந்த மட்டமான முதல் பிரிவில், ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கால்பந்து அணிகள் அதிகம். முதல் பிரிவில் மட்டும் சுமார் 350 பல்கலைக்கழகங்கள். ஆனால் பள்ளி அணிகளில் ஆடும் பெண்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் ஏதோ ஒரு பிரிவில் கல்லூரிக் கால்பந்து ஆடுகிறார்கள். முதல் பிரிவு வரை போவது இரண்டு மூன்று பேர்.

அந்த இரண்டு மூன்று பேரைப் பயிற்சியாளர்கள் எங்கே தேடுகிறார்கள் என்றால், ஈசிஎன்எல், கேர்ல்ஸ் அகாடமி இரண்டும் நடத்தும் ஷோகேஸ் போட்டிகளில். ஒரே வளாகத்தில் பத்து மைதானம், மூன்று நாளில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். ஒரு விமான டிக்கெட் செலவில் ஒரு துணைப் பயிற்சியாளர் அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். லீக்கின் உண்மையான மதிப்பு இதுதான்: பார்க்கிற கண்கள் அங்கே இருக்கின்றன. இதில் உங்கள் கணவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்களே வாய்மொழியாகக் கல்லூரிக்கு ஒப்புக்கொண்டார்கள். 2019-இல் என்சிஏஏ விதியை மாற்றியது. இப்போது முதல் பிரிவுப் பயிற்சியாளர், பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 வரை மாணவியோடு சேர்க்கை பற்றிப் பேச முடியாது. கல்லூரிக்கு அதிகாரபூர்வமாகப் போய்வருவது அந்த ஆகஸ்ட் 1-க்குப் பிறகு. உங்கள் மகளுக்கு அந்த ஜூன் 15 வருவது 2030-இல். பயிற்சியாளர்கள் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்குவது அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பிருந்து. அதாவது 2028 இலையுதிர் காலத்தில் அவள் எந்த அணியில், எந்த லீக்கில் ஆடுகிறாள் என்பது முக்கியம். 2026-இல் அல்ல. 15 வயதுக்குட்பட்டோர், 16 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் பெண்கள் கிளப் மாறுவது வழக்கமான ஒன்று. அப்போது வலுவான ஈசிஎன்எல் முதல் அணி அழைத்தால், ஐம்பது நிமிடப் பயணத்தையும் சேர்த்து, நானே போகச் சொல்வேன்.

உதவித்தொகை பற்றிக் கேட்டீர்கள். முன்பு முதல் பிரிவில் ஓர் அணிக்கு 14 முழு உதவித்தொகைதான் வரம்பு; அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு அந்த வரம்பு நீங்கி, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணியின் அளவுக்கே 28 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. 28 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம் என்பது காகிதத்தில். பெண்கள் கால்பந்துக்கு அவ்வளவு பணம் ஒதுக்கும் கல்லூரிகள் குறைவு. அதோடு வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது வயது வீராங்கனையும், வெளிநாட்டிலிருந்து வரும் வீராங்கனையும் அதே 28 இடங்களுக்குப் போட்டி. பயிற்சியாளருக்கு உடனே வெல்ல வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டாண்டு பொறுக்க எல்லாருக்கும் முடிவதில்லை. ஆகவே உதவித்தொகையை எதிர்பார்த்துச் செலவு செய்யாதீர்கள். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் டாலர், மேலே விமானம், ஓட்டல், அணிப் பயிற்சியாளரின் பயணச் செலவில் பங்கு என்று ஆறு ஏழு ஆண்டுக்குக் கூட்டினால், அதே பணத்தைக் கல்லூரிச் சேமிப்பில் போட்டாலே பல குடும்பங்களுக்கு லாபம். மகள் கால்பந்தை நேசிக்கிறாள், அதற்காகச் செலவு செய்கிறோம் என்பது நல்ல காரணம். முதலீடு என்பது மோசமான காரணம். அந்தக் கணக்கு வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு மோசமான ஆட்டமும் நஷ்டமாகத் தெரியும், அது பிள்ளையின் காதுக்குப் போகும்.

நம் குடும்பங்கள் அதிகம் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு உதவித்தொகை தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தாராளமாக உதவுகின்றன. மூன்றாம் பிரிவிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனால் எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் எல்லாம் இந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெண்கள் அணி 2022-இல் மூன்றாம் பிரிவின் தேசியச் சாம்பியன். இங்கெல்லாம் பயிற்சியாளர் விரும்பும் மாணவிக்குச் சேர்க்கையில் அவருடைய ஆதரவு உண்மையான எடை சேர்க்கும், மதிப்பெண் தகுதி இருந்தால். கணிதத்திலும் அறிவியலிலும் நன்றாகப் படிக்கும், நல்ல கேர்ல்ஸ் அகாடமி அணியில் தொடர்ந்து ஆடும் பெண்ணுக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது. அங்கே பயிற்சியாளருக்கு முதலில் மின்னஞ்சல் எழுதுவது மாணவிதான். ஐந்து நிமிட ஆட்டக் காணொளி, மதிப்பெண், அடுத்த ஷோகேஸில் தன் ஆட்ட நேரம், சட்டை எண். இதை அவளே எழுத வேண்டும், அப்பா அல்ல. ஒரு கல்லூரி முகாமிலிருந்து ஆயிரம் பேருக்குப் போகும் அழைப்பு மின்னஞ்சலை அக்கறை என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம்.

தொழில்முறை கால்பந்துக்கு நேரே போகும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒலிவியா மௌல்ட்ரி 2021-இல் நீதிமன்றம் போய், பெண்களின் தொழில்முறை லீக்கான என்டபிள்யூஎஸ்எல்லின் வயது வரம்பைத் தளர்த்தினார். அந்த லீக்கின் கிளப்புகள் முறைவைத்து வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அலிசா தாம்ப்சன் பள்ளியில் படிக்கும்போதே 2023-இல் முதல் தேர்வானார். அந்த டிராஃப்டே 2024-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. தாம்ப்சன் பள்ளிக் காலத்தில் ஆண்களின் எம்எல்எஸ் நெக்ஸ்ட் லீக்கில் பையன்களோடு ஆடியவர். இப்படிப்பட்டவர்களுக்கு வழியைப் பெற்றோர்கள் தேட வேண்டியதில்லை. வழி அவர்களைத் தேடி வரும். உங்கள் முடிவுக்கு இவர்கள் அளவுகோல் அல்ல.

இந்தியாவுக்காக ஆடுவது பற்றி. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலிருந்து இந்தக் கேள்வி நிறையப் பேரிடம் இருந்து வருகிறது; மகிழ்ச்சியான கேள்விதான். ஆனால் 2008 முதல் இந்திய அரசின் விதிப்படி இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களே நாட்டுக்காக ஆட முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல; இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. ஆண்கள் அணிக்காக, ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டைத் துறந்துதான் வந்தார். அமெரிக்காவில் பிறந்த உங்கள் மகள் அதைச் செய்ய விரும்புவாளா என்பதைப் பெரியவளாகி அவளே முடிவு செய்வாள். இப்போதைய கிளப் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடைசியாக, நடைமுறை. தற்போதைய கிளப்பில் தொடர்வது என்று முடிவெடுத்தாலும் கேள்வி கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். அடுத்த ஆண்டு பயிற்சியாளர் யார், அவருக்கு எத்தனை அணிகள், அணியில் எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதினெட்டு பேர் அணி ஒன்று, இருபத்திரண்டு பேர் அணி வேறொன்று. நடுக்களத்தில் மூன்று இடத்துக்கு எட்டுப் பேர் இருந்தால் நான் சொன்ன நிமிடக் கணக்கு பொய்யாகிவிடும். பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தைக் கட்ட வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் படியுங்கள். பல கிளப்புகளில் கட்டத்தான் வேண்டும். கட்டணச் சலுகைக்கு விண்ணப்பம் இருக்கும், கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும், கூச்சப்பட வேண்டாம். டெக்சாஸில் பள்ளி அணிகளின் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணிக்கு ஆட விடுவார்களா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பெரிய கிளப்புக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: அழைப்புக்கு நன்றி, இந்த ஆண்டு எங்கள் மகள் இருக்கும் இடத்திலேயே தொடர்கிறாள், புதிய வயதுப் பிரிவில் அடுத்த தேர்வுக்கு வர விரும்புகிறாள் என்று. அங்கே கதவு மூடாது. நல்ல நடுக்கள வீராங்கனைக்கு எந்தக் கிளப்பும் கதவை மூடுவதில்லை. மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்பு, இரண்டு அணிகளில் எதில் ஆட ஆசை என்று அவளிடம் தனியாக, நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் எழுதியிருந்த அத்தனை வரிகளிலும் அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. தன்னைவிடத் திறமையானவர்களோடு பழக வேண்டும் என்று அவளே துடித்தால், இதுவரை நான் சொன்ன பலவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெரிய கிளப்பில் இரண்டு மூன்று பயிற்சி நாட்களுக்கு அவளை அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.